மடக்கிக் கொடுத்த துப்பாக்கி

1. திரும்பி வரும் சாமான்

விற்ற ஏர் ரைபிள் கடைக்குத் திரும்பி வந்தால், வருகிற கோலத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன். பேரலில், அதாவது குழலில், புகை வாடை அடித்தால் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டால், "எங்கூட்டுத் தோப்பு எண்ணெய் பாய், கலப்படமே கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். சுடும்போது குண்டு வெளியே போக யோசித்தால், உள்ளே காற்றைத் தள்ளுகிற பிஸ்டனின் சீல் போய்விட்டது. குண்டு போடாமல் வெறுமனே சுட்டு விளையாடியிருக்கிறார்கள். குறி கண்டபடி போகிறதென்றால் பெரும்பாலும் மலிவுத் தொலைநோக்கி ஸ்கோப்பை வாங்கி மேலே மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்து, துப்பாக்கியோடு வந்த ரியர் சைட்டை, பின்பக்கக் குறிக்காட்டியை, வைத்துச் சுடச் சொன்னால் குறி சரியாக விழும், முகம் மாறிவிடும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடை அது. முன்னால் கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, கோப்பைகள். பின்னால் என் ராஜ்யம். ஒரு காலத்தில் புகையிலைக் குடோனாக இருந்த நீளமான சந்து போன்ற அறை. ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் மேஜை, மறுமுனையில் மணல் நிரப்பிய பெட்டி, அதன்மேல் குறி அட்டை, நடுவே பத்து மீட்டர். விற்கிற ஒவ்வொரு துப்பாக்கியையும் அங்கே சுட்டுப் பார்த்து, சைட்டைச் சரிசெய்து, வாங்குபவரையும் சுடவைத்து அனுப்புவது என் வேலை. போன வருஷம் ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். நாள் முழுக்கக் காகிதத்தைப் பார்த்துச் சுடுவதற்குச் சம்பளம் வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மதியச் சோற்றையும் அங்கேயே அந்த மணல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். என் மனைவி ஜமீலா மௌத்தான பிறகு வீட்டிலும் அப்படித்தான், அங்கே மணல் பெட்டிக்குப் பதில் டி.வி.

ஒரு நாள் முதலாளி திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"காஜா, போன வாரம் நெய்க்காரப்பட்டியிலருந்து ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போனாகள்ல, அவுக திரும்ப வந்துருக்காக. சாமான் சரியில்லயாம். என்னன்னு செத்த பாரு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் துப்பாக்கியை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன்.

2. ருக்மணியம்மா

ஏர் ரைபிள் வாங்கப் பெண்கள் வருவது அபூர்வம். வந்தால் மகனையோ மகளையோ ஷூட்டிங் கிளாஸில் சேர்த்த தாய்மார்களாக இருப்பார்கள். ருக்மணியம்மா அந்த முதல் தடவை தனியாக வந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான தேகம், கையில் ஒரு மஞ்சப்பை. இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. நெய்க்காரப்பட்டிப் பக்கம் தோப்பு வேலையாக இருக்கும், எங்கேயாவது நசுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெலை ரொம்பப் போகக் கூடாதுங்க. குறி தப்பக் கூடாதுங்க. நாலு வருசமாச்சும் ஒழைக்கோணும்" என்றார்.

கேட்க வேண்டியதை நான் முதலில் கேட்டுவிடுவேன். "எதுக்கும்மா? குரங்கு, மயிலுன்னா நான் குடுக்க மாட்டேன். அது சட்டப்படி குத்தம்."

"ஐயோ, ஒரு உசுரையும் சுடறதுக்கு இல்லீங்க. தேங்காத் தொட்டியத் தொங்கவுட்டு, அதச் சுடறதுக்குங்க."

சிரட்டையைச் சுடத் துப்பாக்கியா என்று சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் அடக்கிக்கொண்டேன்.

மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேஜையில் வைத்தேன். இப்போது வருகிற பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு வந்து முதல் கேள்வியாக "எஃப்.பி.எஸ். எவ்ளோ அண்ணே?" என்பார்கள். குண்டு ஒரு செகண்டில் எத்தனை அடி போகும் என்ற கணக்கு. பெட்டியில் அச்சடித்த அந்த எண்ணுக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். அந்த அம்மா வேகத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. பேரலைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். மூட்டில் ஆட்டம் இருந்தால் குறி நிற்காது, அது அவருக்குத் தெரிந்திருந்தது. ட்ரிகர் எப்படி விடும் என்று கேட்டார். யாரோ விஷயம் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் பேரலை மடக்கி, குண்டைப் போட்டு, மூடி, அவர் கையில் கொடுத்தேன். இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் கடை ரகம் எல்லாம் ஸ்ப்ரிங் துப்பாக்கி. அநேகமாக எல்லாவற்றிலும், ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் பேரலைப் பிடித்து மடக்க வேண்டும். மடக்கும்போது உள்ளே கனமான ஸ்ப்ரிங் அமுங்கி, 'டக்' என்று கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பாதியில் கை நழுவினால் பேரல் திரும்பித் துள்ளும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். முன்பொரு தடவை ஒரு வாடிக்கையாளருக்கு அப்படி ஆனதிலிருந்து முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார். டெஸ்ட் ரூமில் கடை ஆள்தான் மடக்க வேண்டும். வாடிக்கையாளர் வாங்கிச் சுட்டால் போதும். நான் மடக்கிக் கொடுப்பேன், அவர்கள் சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், மறுபடி மடக்கிக் கொடுப்பேன். நல்ல சட்டம்தான். அதற்குப் பிறகு யாருக்கும் விரல் போகவில்லை.

ருக்மணியம்மா சுட்டார். பெரும்பாலான ஆட்கள் துப்பாக்கியை ஆட்டுக்கிடாயைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பார்கள். ஸ்ப்ரிங் துப்பாக்கியை அப்படிப் பிடித்தால் குறி சிதறும். அது உதறுகிற உதறலை அதன் போக்கில் விட வேண்டும். அந்த அம்மா இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தினார், தோளில் பட்டும் படாமலும் வைத்தார், சுட்டார். ஐந்து குண்டும் அட்டையில் ஒரே இடத்தைத் தின்று ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டிருந்தன. குண்டுகள் நெருங்கி விழுவதை குரூப்பிங் என்போம்; என் குரூப்பிங் அதைவிட ஒன்றும் ஒசத்தி கிடையாது.

"யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. சுட்டுச் சுட்டு வந்துருச்சு" என்று அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நடுத்தர விலையில் எல்லாரும் புகழ்கிற மாடலைக் கொடுத்து அனுப்பினேன். அதுதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

3. குறை சொல்லாத புகார்

பழைய போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பழனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

"என்னம்மா குறை?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்ல துப்பாக்கிதானுங்க. எனக்கு ஒத்துவரலீங்க."

பேரலை முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் இல்லை. சீல் நன்றாக இருந்தது. மேஜைமேல் வைத்து ஐந்து குண்டு சுட்டேன், அதே ஓட்டை. நான் மடக்கிக் கொடுத்து அவரைச் சுடச் சொன்னேன், அவரும் அதே ஓட்டை போட்டார். வெளியே வந்து முதலாளியிடம் சொன்னேன்.

"சாமான்ல ஒரு கோளாறும் இல்லண்ணே."

"பெறகென்னத்துக்குக் கொண்டாந்தாக? நூறு பேரு நல்லாருக்குன்னு சொன்ன ஐட்டம்ப்பா. சரி, வேற ஒண்ண மாத்திக் குடுத்து அனுப்பு. பொம்பளையாளுகிட்டப் போயி மல்லுக்கு நிக்காத."

இவ்வளவு நன்றாகச் சுடுகிறவருக்கு இந்த ரகம் போதவில்லை போலிருக்கிறது, இன்னும் துல்லியம் கேட்கிறார், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார். இப்படி நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பேரல் அசையாமல் நிற்க, அடியில் இருக்கும் கம்பியை இழுத்து ஸ்ப்ரிங் ஏற்றுகிற அண்டர் லீவர் மாடல் ஒன்று இருந்தது. பேரல் மடங்காததால் குறி இன்னும் உறுதியாக நிற்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த ஒரே பீஸ், கொஞ்சம் பழசானதால் அதே விலைக்குத் தர முதலாளி சம்மதித்தார். நான் கம்பியை இழுத்து இழுத்துக் கொடுக்க, அவர் சுட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. ஆனால் "சரிங்க" என்று வாங்கிப் போர்வையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த லீவரை இழுக்க எனக்கே தோள்பட்டை கடுக்கும். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. குறியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவனுக்குக் கையைப் பற்றி யோசனை போகவில்லை.

4. திரைக்குப் பின்னால்

அடுத்த முறை அவர் வந்தபோது வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் அப்பியிருந்தார்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்லீங்க, சிராய்ப்பு. இதுவும் ஆகாதுங்க பாய். பணங்காசு பத்திப் பேச வல்லீங்க. நீங்களே வெச்சுக்கங்க."

பதற்றமாக இருந்தது. வேலையில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் துப்பாக்கியை இப்படி ஒப்படைத்துவிட்டுப் போக நினைத்ததில்லை. "இருங்கம்மா, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று முதலில் வாங்கிய ரகத்தையே மறுபடி எடுத்து மேஜையில் வைத்தேன். அதற்குள் முன்னால் ஏதோ பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்து கோப்பைகளில் பெயர் பொறிப்பது பற்றிக் கேட்க, முதலாளி என்னைக் கூப்பிட்டார். துப்பாக்கியை மடக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். பேசிவிட்டுத் திரும்பித் திரையை விலக்கினேன்.

ருக்மணியம்மா துப்பாக்கியின் தோளில் வைக்கும் கட்டையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பேரல் நுனியில் இரண்டு கைகளையும் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். பேரல் பாதி மடங்கி நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை, விடவும் முடியவில்லை. இரண்டு கைகளும் நடுங்கின. துணியில் ரத்தம் கசிந்திருந்தது.

"விட்ராதீங்கம்மா!" என்று பாய்ந்து பேரலைப் பிடித்தேன். மெதுவாக மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கறுத்த நகம், உள்ளங்கைக் காயம், நான் கடைசியாகக் கொடுத்தனுப்பிய இரும்பு லீவர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கின.

"வீட்டுல யாரும்மா மடக்குவாக?"

அவர் கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினார்.

"என்ற ஊட்டுக்காரருதானுங்க மடக்கித் தருவாரு. அணிலு வெரட்டறதுக்குன்னு அவருதான் வாங்கிட்டு வந்தாரு. அவருக்கு ஒரு குண்டும் படாது. ஒரு நா வெளயாட்டுக்கு நாஞ் சுட்டேன், தொட்டி ஒடஞ்சுருச்சு. அப்பறம் தெனமும் அஞ்சு மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு உக்காந்துக்குவோமுங்க. அவரு மடக்கி மடக்கிக் குடுப்பாரு, நாஞ் சுடுவேன். பட்டா, அவரே சுட்டாப்பல சிரிப்பாரு."

"அவர் இப்போ…"

"போயிட்டாருங்க. ஆடி வந்தா வருசம் திரும்புது. பையன் கனடாவுல இருக்கறான். காலைல ஆளுக வந்து வேல செஞ்சுட்டு மத்தியானமே போயிருவாங்க. அஞ்சு மணியானா இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. பழைய துப்பாக்கிய நானே மடக்கப் பார்த்தேன், நழுவி, நகம் போச்சு, கட்டையும் ஒடஞ்சு போச்சு. பழசு, ஸ்ப்ரிங்கு இறுகிப்போயிருக்கும், புதுசு எளசா இருக்கும்னு நெனச்சுத்தானுங்க வந்தேன்."

பழசாக ஆக ஸ்ப்ரிங் தளரத்தான் செய்யும், இறுகாது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

"மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா."

"நீங்க மடக்கி மடக்கிக் குடுத்தீங்களா, அவரு குடுக்கறாப்பலயே இருந்துச்சுங்க. சொல்ல வாய் வல்லீங்க. தோப்புல தேங்கா போடற ஆளக் கூப்புட்டு, இதச் செத்த மடக்கிக் குடுன்னு கேக்கலாம்னு பார்த்தேன். அதுக்கும் வாய் வல்லீங்க."

 ஜமீலா போன பிறகு நான் போர்வை துவைத்தால் பிழிவதில்லை. ஈரப் போர்வையைப் பிழிய அந்த முனையை ஒருவர் பிடிக்க வேண்டும். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அடுத்த வீட்டில் கூப்பிட்டால் வரமாட்டார்களா, வருவார்கள். கூப்பிட்டதில்லை. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

5. கடைசி ஆணியில் தொங்கியது

கடைச் சுவரில் கடைசி ஆணியில் ஒரு துப்பாக்கி வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே விலை குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் எஃப்.பி.எஸ். எண்ணைப் பார்த்ததுமே பையன்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "இது ஈ ஓட்டுறதுக்கா அண்ணே?" என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். ஆனால் பேரல் நல்ல பேரல், மூட்டில் ஆட்டம் இல்லை, நீளமும் அதிகம். கடப்பாரையை நுனியில் பிடித்தால் கல் லேசாகப் பெயரும். மடக்குகிற பேரல் கடப்பாரை மாதிரி. நீளம் கூடக் கூடக் கைக்குச் சுலபம். பத்து மீட்டரில் தேங்காய்த் தொட்டியை உடைக்க வேகம் எதற்கு? வேகம் குறைந்தால் உதறலும் குறையும், குறியும் கூடுதலாக நிற்கும்.

அதை எடுத்து அவரிடம் கொடுத்து, பேரலுக்குக் காவலாக ஒரு கை வைத்துக்கொண்டேன், அவர் மடக்கிப் பார்த்தார். முக்கால்வாசி வந்தது, கொக்கி விழவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்று கட்டையைக் கழற்றினேன். எங்களிடம் பள்ளிப் பிள்ளைகள் பழகும் துப்பாக்கிக்குப் போடுகிற இளகின ஸ்ப்ரிங் இருந்தது. அதைப் போட்டேன். மூட்டிலும் கொக்கியிலும் தேவையான அளவு மட்டும் கிரீஸ் வைத்து, மறுபடி பூட்டினேன். நின்றுகொண்டு மடக்க வேண்டாம், முக்காலியில் உட்கார்ந்து கட்டையைத் தொடையோடு அணைத்துக்கொள்ளுங்கள், நுனியைப் பார்த்துப் பிடியுங்கள், துப்பாக்கி வாய் மணல் பெட்டிப் பக்கமே இருக்கட்டும், தயங்காமல் ஒரே இழுப்பாக இழுங்கள் என்றேன். முதலாளியின் சட்டத்தை அன்றைக்கு முதல்முறையாக மீறினேன். திரையோரம் நின்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

ருக்மணியம்மா இழுத்தார். 'டக்' என்றது.

அந்தச் சத்தத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. அன்றைக்குத்தான் அதைக் காதுகொடுத்துக் கேட்டேன். அந்த அம்மா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விழுந்துருச்சுங்களா பாய்?"

"விழுந்துருச்சும்மா."

தானே குண்டைப் போட்டு, மூடி, சுட்டார். தானே மடக்கி மறுபடி சுட்டார். உள்ளங்கைக் காயம் இருந்தும் நிறுத்தவில்லை. அட்டையைக் கொண்டுவந்து பார்த்தோம். விலை அதிகமான இரண்டு துப்பாக்கிகளிலும் போட்டதைவிட இந்த ஓட்டை சிறியது.

முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அம்புட்டையும் சுத்தி வந்து, இருக்கறதுலயே மலிவுச் சாமான அவுக தலையில கட்டுற பாத்தியா. நல்லா வியாபாரம் பண்ணுற போ" என்றார். ஆனால் புது குண்டு டப்பா ஒன்றை அவரே எடுத்து அந்த அம்மாவின் மஞ்சப்பையில் போட்டார்.

போர்வையை விரிப்பதற்கு முன்னால் ருக்மணியம்மா என்ன நினைத்தாரோ, மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். பேரலை மடக்கினார், 'டக்' என்றது. குண்டைப் போட்டு மூடினார். துப்பாக்கியை இரண்டு கைகளாலும் ஏந்தி என் பக்கம் நீட்டினார்.

"இந்தாங்க, நீங்க ஒண்ணு சுடுங்க."

 அந்த அறையில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் மடக்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு யாரும் மடக்கிக் கொடுத்ததில்லை. வாங்கினேன். அட்டையின் மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி பாக்கி இருந்தது, அதைப் பார்த்துச் சுட்டேன். பட்டது.

ருக்மணியம்மா, தானே சுட்டதுபோலச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. நம் தொழிலில் வாடிக்கையாளர் வராமல் இருந்தால் சாமான் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் ஐந்து மணி அடிக்கும்போது மட்டும் எனக்கு அந்தத் தோப்பு ஞாபகம் வரும்.

ஏர் ரைபிள் விற்கிற கடையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேரல் ஆட்டம் பாருங்கள், ட்ரிகர் பாருங்கள், ஒரே ரகக் குண்டில் ஐந்து சுட்டு குரூப்பிங் பாருங்கள். எல்லாம் சரிதான். ஆனால் விலையைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ வாயைத் திறப்பதற்கு முன்னால் மடக்காத துப்பாக்கியை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள், பக்கத்திலேயே நின்று பேரலுக்குக் காவலாக ஒரு கை வைத்துக்கொண்டு கொடுங்கள். கொடுத்துவிட்டு, வீட்டில் இதை யார் மடக்குவார்கள் என்று கேளுங்கள். நான்தான் என்று பதில் வந்தால், அந்த ஆளுக்கு ஏற்ற துப்பாக்கியைத் தேடிக் கொடுங்கள்.